பஸ் ஸ்டாப்பில் நான் அழுத படம்

நான் பேசப் பேச இந்தச் செல்போன் எழுதிக்கொள்கிறது. எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. மகன் ரிக் வண்டியில் போர்க் கிணறு போடப் போகிறவன், வருஷத்தில் பத்து மாதம் வடக்கே எங்கேயோ இருப்பான். போன தடவை வந்தபோது, மைக் படம் போட்ட இடத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் போதும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். அமுக்கினேன். "அட சாமி" என்றேன். அதையும் எழுதிக்கொண்டது. எறும்புச் சாரை போல எழுத்து ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். பேசி முடித்ததைத் திருச்செங்கோட்டில் இருக்கும் மருமகளுக்கு அனுப்பிவிடுவேன். அவள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். நான் ஊடு வாசல் என்று சொன்னதை வீடு வாசல் என்று மாற்றி, படிக்கிற தமிழாக்கி வைப்பாள்.

இந்தப் போனிடம் ஒரே ஒரு குறை. என்ன சொன்னாலும் கேட்கும், ஆனால் "ம்" கொட்டாது. நடுவில் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்காது.

சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் இதைக் கையில் எடுப்பேன். அது ஒருத்தி வருகிற நேரம். இப்போது அவள் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன். நடுவில் வேறு எங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டி வலி வந்ததிலிருந்து நடையும் நேராக இல்லை, பேச்சும் நேராக இல்லை.

அவள் எனக்கு எதிர் வீட்டுக்காரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பத்தாவது வரைக்கும் படித்தவள், மகளிர் குழுவுக்குத் தலைவி. அவள் வீட்டுக்காரர் கோழிப்பண்ணையில் தீவனம் அரைக்கிறார், பேசவே மாட்டார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசுவாள் என்று நான் கேலி செய்வதுண்டு. என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷத்திலிருந்து, ஒரு நாள் விடாமல் ஐந்து மணிக்கு வருவாள். நான் வரக்காப்பி வைத்திருப்பேன். அவள் படிப்பாள்.

என்ன படிப்பாள் என்றால், எழுத்து இருக்கிற எதையும். மாத்திரை அட்டையைப் படிப்பாள். சோப்பு உறையைப் படிப்பாள். எனக்கு ரொம்பப் பிடித்தது, சந்தையில் போண்டா, கடலை வாங்கினால் சுற்றித் தருகிற காகிதம். அதில் பாதிச் செய்திதான் இருக்கும். ஒரு தடவை, கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை மண்டபத்தைவிட்டு ஓடிப்போனான் என்பது வரைக்கும் இருந்தது. ஏன் ஓடினான் என்பது கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. நாங்கள் இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்தோம்.

"பல்லு வலியா இருக்குமுங்க அக்கா. கல்யாணத்தன்னைக்கு ஆருகிட்டச் சொல்றது?" என்றாள் அவள்.

"இல்ல சாமி. பொண்ணோட அம்மாவைப் பாத்திருப்பான். நாளைக்கு இவளும் இப்படித்தான் ஆவாளுன்னு பயந்திருப்பான்."

அந்த மாப்பிள்ளை இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ. எங்களால் ஒரு வாரம் நல்லா இருந்தான்.

என் ரேஷன் அட்டை அவளிடம்தான் இருக்கும். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பெரிதாகும். முப்பது வருஷம் பண்ணையில் முட்டை பொறுக்கி, முட்டைத் தட்டு கழுவி, என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் அது என்னை ஆள் என்றே ஒத்துக்கொள்ளாது. முட்டியும் ஒத்துழைக்காது. அப்படிப்பட்டவர்களுக்குப் பதிலாக வேறொருவர் வாங்கிக்கொள்ள ஒரு பாரம் இருக்கிறதாம். அதை அவளே எழுதி, என் கட்டைவிரலில் மை தடவி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து என் அட்டைக்கு அவள் ரேகை. மாதம் ஒரு நாள் அரிசியும் பருப்பும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அட்டையை நான் வைத்துத் தொலைத்துவிடுவேன் என்று அவளே வைத்துக்கொண்டாள். நான்தான் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்புறம் பஞ்சாயத்து எலக்சன் வந்தது. எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று விழுந்தது. மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அவளை நிற்கச் சொன்னார்கள். நின்றாள். அவளுக்குப் பூட்டு சாவி சின்னம். எதிர்த்து நின்றது, இரண்டு ரிக் வண்டி வைத்திருக்கிற ஒருவரின் மனைவி. அந்த அம்மாவுக்கு ஆட்டோ சின்னம். பாவம், அந்த அம்மா வீட்டுக்காரருக்குப் பின்னால் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கும், பேச்செல்லாம் அவர்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. இவளுடைய ஆட்களும் ஒரு நோட்டீஸ் அடித்தார்கள். அதை ஒரு நாள் ஐந்து மணிக்கு என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். "கைநாட்டுக்கா உங்கள் ஓட்டு? கையெழுத்துப் போடத் தெரியாதவர் ஊரை எப்படி ஆள்வார்?" என்று போட்டிருந்தது.

நான் சிரித்தேன். அவள் படிக்கிற விதமே சிரிப்பு வரும்படி இருக்கும். அப்புறம் கேட்டேன்.

"அந்தம்மா எட்டாவது வரைக்கும் படிச்சுதே சாமி. உன்ற தங்கச்சிகூடத்தான ஒண்ணாப் போச்சு?"

"தெரியுமுங்க அக்கா. எலக்சன்னா அப்படித்தானுங்க. அவங்க சும்மாவா இருக்கறாங்க?"

"செரி. கைநாட்டுன்னா என்ன, அவ்வளவு மோசமா?"

அவள் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கட்டைவிரலில் மை தடவியவள் அவள்தான். "உங்களச் சொல்லலீங்க" என்றாள். "எனக்குத் தெரியாதா" என்றேன் நானும். அத்தோடு விட்டுவிட்டோம். அந்த நோட்டீஸ் பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சிரித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

அதற்கப்புறம் ஓட்டுக் கேட்கப் போக ஆரம்பித்துவிட்டாள். ஐந்து மணிக்கு வீடு வீடாகப் போனால்தான் காடு தோட்ட வேலைக்குப் போனவர்கள், பண்ணைக்குப் போனவர்கள் எல்லாரும் கிடைப்பார்கள். சரியாக என் நேரம். நான் பழக்கத்தில் இரண்டு டம்ளர் காப்பி வைத்துவிட்டு, இரண்டையும் நானே குடித்தேன். அவள் மைக் வண்டி தெருமுனையில் பேசுவது கேட்கும். "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று வேறு யாரோ மாதிரிப் பேசுவாள். அதற்கும் நான் இங்கிருந்து "ம்" கொட்டுவேன். பேரன் நாமக்கல்லில் விடுதிப் பள்ளிக்கூடத்தில். மருமகள் வேலையிலிருந்து வந்து போன் எடுக்க எட்டு மணி ஆகும். மாலையில் ஒரு மனுஷர் வந்து உட்காராவிட்டால் வீடு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்படி ஒரு நாள் ஐந்து மணிக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் கேமரா. ஊரில் இருக்கிற பெரியவர்களைப் பார்த்துப் படம் எடுக்கிறோம் என்றார். எனக்குக் கேட்கவும் வேண்டுமா. இன்னொரு டம்ளர் காப்பிக்கு ஆள் வந்துவிட்டது.

"உக்காருங்க சாமி. காப்பி குடிச்சுப்போட்டுப் படம் புடிக்கலாம். படம் எங்க போகுது."

நல்ல மனுஷர். எல்லாவற்றையும் கேட்டார். ரேஷன் எல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அட்டை எதிர் வீட்டுக்காரியிடம் இருக்கிறது, அவள்தான் வாங்குகிறாள் என்றேன். அட்டை உங்களிடம் இல்லையா என்று திரும்பக் கேட்டார். இல்லைங்க, என் கைக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு என்றேன். அது உண்மைதானே.

அப்புறம் நான் சேவல் கதையைச் சொன்னேன். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மர வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் சேலத்தில் அவர் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். விருந்துக்குப் போகிறவர் வெறும் கையோடு போகக்கூடாது என்று ஒரு சேவலைத் துணிப்பைக்குள் போட்டு, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். பஸ்ஸில் கோழி ஏற்றினால் இறக்கிவிடுகிற காலம். சங்ககிரி தாண்டினதும் சேவல் கூவிவிட்டது. கண்டக்டர், "ஆருங்க அது?" என்றார். என் வீட்டுக்காரர், "நானுங்க. தொண்டை கட்டிக்கிச்சு" என்று சொல்லி, இன்னொரு தரம் அவரே கூவிக் காட்டினார். சேவல் விடுமா? அது பதிலுக்குக் கூவியது. சேலம் வரைக்கும் அது ஒன்று, இவர் ஒன்று. இறங்கும்போது கண்டக்டர் சொன்னார்: "டிக்கெட் வேண்டாமுங்க. உங்க ரெண்டு பேருல ஆரு சேவலுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

இந்த இடம் வந்தால் எனக்குத் தாங்காது. கண்ணில் தண்ணி கொட்டும். புடவைத் தலைப்பை எடுத்து மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் நிமிர முடியும். அன்றைக்கும் அப்படித்தான். அவர் கேமரா டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. போகும்போது, "ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க ஆயா" என்றார். நானும் நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து பால் ஊற்றுகிறவர் சொன்னார். "பஸ் ஸ்டாப்புல உங்கள வெச்சிருக்கறாங்களே ஆயா." வேறெதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

முட்டி வலியைப் பார்க்காமல் போனேன். பஸ் ஸ்டாப்புப் புளியமரத்துக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேலே பிளெக்ஸ். அதில் நான். என் முகம் ஒரு அம்மி அளவுக்கு இருந்தது. பிளெக்ஸில் வருவதென்றால் செத்திருக்க வேண்டும், இல்லை கல்யாணம் ஆக வேண்டும், இல்லை கட்சியில் இருக்க வேண்டும். நான் இந்த மூன்றிலும் இல்லாமல் வந்துவிட்டேன். படத்தில் தலைப்பைக் கண்ணில் வைத்திருந்தேன். சேவல் கதை சொன்ன நேரம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கொஞ்சம் சின்னதாக அவள், என் எதிர் வீட்டுக்காரி. நடுவில் சிவப்புச் சிவப்பாக எழுத்து. ஆட்டோவும் இல்லை, பூட்டு சாவியும் இல்லை. சின்னம் இருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். சின்னத்தை மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வர முடியவில்லை என்று வருத்தப்பட்டு, எனக்குத் தெரியாமல் ஆள் அனுப்பிப் படம் எடுத்து, நம் இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்படி விளையாட்டுக் காட்டுவது பழக்கம்.

மூன்று நாள் அந்த பிளெக்ஸுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. ரிக் லாரி போகிற ரோடு, புழுதி வந்து முகத்தில் ஒட்டும். எட்டுகிற வரைக்கும் தலைப்பால் துடைத்துவிட்டேன், அவள் முகத்தையும் சேர்த்து. நாமக்கல் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார்.

"என்னங்க ஆயா, பேனருக்குக் காவலுங்களா?"

"நம்ம மூஞ்சிங்க. நாமதான் பாத்துக்கோணும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். ஊர்க்காரர்கள் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆட்டோ பக்கம் போய்விட்டேன் என்று ஊரே முடிவு பண்ணியிருக்கிறது. எனக்குத் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் சாயந்திரம் அவள் மைக் வண்டி அந்த வழியாக வந்தது. வண்டியில் நின்றுகொண்டு வந்தாள், கழுத்தில் துண்டு. நான் எழுந்து, பிளெக்ஸைக் காட்டி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மேற்கு வெயில், கண் கூசியிருக்கும் என்று நினைத்து, இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று நடு ரோட்டுக்கு வந்து ஆட்டினேன்.

இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு பாயம்மா வாராவாரம் எங்கள் ஊருக்கு நைட்டி விற்க வருவார். பெரிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி நடப்பார். மூன்றாம் நாள் பஸ்ஸைவிட்டு இறங்கியவர், மூட்டையை இறக்காமலே நின்று பிளெக்ஸைப் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க கார்டைப் பிடுங்கிக்கிட்டவங்க பக்கத்துல சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, இது என்ன கூத்து?"

"எந்தக் கார்டுங்க?"

அவருக்கு விளங்கிவிட்டது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, விரலை எழுத்தின் மேல் வைத்து, குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு வரியாகப் படித்தார். "ஏழைத் தாயின் ரேஷன் அட்டையைப் பறித்து, அரிசியைத் தின்றவருக்கா உங்கள் ஓட்டு? இந்தக் கண்ணீருக்குப் பதில் என்ன? இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்."

"இன்னொருக்காப் படிங்க" என்றேன். இன்னொரு தடவையும் அதையேதான் படித்தார்.

"நா அழுவலீங்க. அது சிரிப்புங்க" என்றேன் அவரிடம்.

"என்கிட்டச் சொல்லி என்னம்மா பண்றது" என்றார். அன்றைக்கு அவர் எனக்கு ஒரு நைட்டிகூடக் காட்டவில்லை. என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார். 

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. குழுப் பெண்கள் நாலைந்து பேர் உள்ளே வாக்காளர் சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள், என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"எனக்குத் தெரியாது சாமி. நீ வெச்சதுன்னு நெனச்சேன்."

"நீங்க போங்க அக்கா."

"அட்டை நாந்தான குடுத்தேன்? அதை வந்து மைக்குல சொல்லிப்போடறேன். வண்டில ஏத்திக்கோ."

"ஓட்டுக்கு மூணு நாள் இருக்குது. இப்ப நீங்க என்ற ஊட்டுக்கு வந்தீங்கன்னாலே, மெரட்டி இழுத்துட்டு வந்தேன்னு சொல்லுவாங்க. வண்டில ஏத்துனா இன்னும் பேசுவாங்க. போங்க."

அவள் சொன்னது சரிதான். பத்து அடி ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்காரர் வந்து, ஜன்னல் மேடையில் என் ரேஷன் அட்டையை வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். அவர் என்றைக்குப் பேசினார், அன்றைக்குப் பேச.

மறுநாள் பிரச்சாரம் முடிகிற நாள். அவள் வீட்டுக்குத்தான் போகக்கூடாது, பஸ் ஸ்டாப்புக்குப் போகலாம் இல்லையா. பிளெக்ஸுக்கு அடியில் போய் நின்று, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். நான் அழவில்லை, சிரித்தேன். அட்டையை நான்தான் கொடுத்தேன்.

"அப்ப அட்டை அவங்ககிட்ட இருந்தது நெசந்தானுங்களா ஆயா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"இருந்துச்சுங்க. நாலு வருசமா."

"அரிசியும் அவங்கதான வாங்கினாங்க?"

"ஆமாங்க."

"அப்பறம் பேனருல என்னங்க பொய்யி?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், "நேத்து வரைக்கும் ஆட்டோ, இன்னைக்குப் பூட்டு சாவிங்களா? என்ன புடவைங்க குடுத்தாங்க?" என்றார். நான் எதைச் சொன்னாலும் அந்த பிளெக்ஸுக்கு இன்னும் இரண்டு வரி சேர்கிற மாதிரியே இருந்தது.

சரி, சிரிப்பு என்றால் எப்படி இருக்கும் என்று காட்டிவிடலாம் என்று சேவல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த இடம் வந்தால் கண்ணில் தண்ணி வரும், தலைப்பை எடுப்பேன், படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும், ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. முழுக் கதையும் சொன்னேன். சங்ககிரி வந்தது, தொண்டைக் கட்டு வந்தது, சேலம் வந்தது, "ஆரு சேவலுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" வந்தது. டீக்கடையில் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத்தான் வரவில்லை. தலைப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். கண் வறண்டு கிடந்தது. நாற்பது வருஷத்தில் அந்தக் கதைக்கு நான் சிரிக்காமல் போனது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஓட்டுப் போடுகிற அன்று ரோஸ் கலர் சீட்டில், பூட்டு சாவி மேல் முத்திரையை அழுத்தி வைத்தேன். என்னால் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு நல்லது. அதையும் அவளிடம் சொல்ல முடியாது. சொன்னாலும் நம்ப வேண்டுமே.

அவள் தோற்றாள். கொஞ்ச ஓட்டில்தான் என்றார்கள். ஆட்டோக்காரர்கள் வெடி வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தபோது, அந்த அம்மா மாலையோடு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று கும்பிட்டது. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நானும் என் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பிளெக்ஸை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. காற்றில் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. நானே போய் மறுபக்கத்தையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, முகம் உள்பக்கம் இருக்கிற மாதிரி போட்டு விறகை மூடி வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் மழையில் நனையாமல் இருக்கிறோம்.

அதற்கப்புறம் ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். சந்தையில் வாங்குகிற காகிதத்தையெல்லாம் எண்ணெயைத் துடைத்து, நீவி, மடித்து, டிரங்குப் பெட்டிக்குள் அடுக்கி வைக்கிறேன். மருமகள் வந்தபோது, "படிக்கட்டுங்களா அத்தை?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் படித்தால் முழுதாக, ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுவாள். கிழிந்துபோனதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றாது.

அரிசி வாங்க வேண்டிய நாள் வந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு, நின்று நின்று ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெஷினை நீட்டினார். பத்து விரலையும் வைத்தேன். அது பழைய மாதிரியே என்னை ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க அட்டைக்கு அவங்கதானுங்க வாங்கறதுன்னு பாரம் இருக்குது. அவங்க வந்து வெச்சாத்தானுங்க ஆவும். இல்லாட்டி பாரத்த மாத்தோணும்" என்றார்.

"அவ வரமாட்டாளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வரிசையில் ஆறேழு பேருக்குப் பின்னால் அவள் பையோடு நின்றிருந்தாள். கேட்டிருக்கிறாள். வரிசையில் நின்ற எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த பிளெக்ஸில் எழுதியிருந்ததை அவள் எல்லாருக்கும் முன்னால் செய்ய வேண்டும்: என் அட்டைக்கு அவள் விரல்.

வேண்டாம் சாமி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் வரிசையைவிட்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. விரலை வைத்தாள். மெஷின் கீச்சென்றது. என் பையில் அரிசி விழ ஆரம்பித்தது. டீக்கடையில் புடவை கேட்டாரே, அவரும் வரிசையில் இருந்தார்.

வெளியே வந்ததும் அட்டையை அவளிடம் நீட்டினேன். "வெச்சுக்கோ சாமி."

"உங்ககிட்டயே இருக்கட்டுங்க அக்கா" என்றாள். கையை நீட்டவில்லை.

அன்றிலிருந்து அப்படித்தான். பாரத்தை அவளும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. மாதம் ஒரு நாள் வருவாள், விரலை வைப்பாள், போய்விடுவாள். என் அரிசிப் பையை மட்டும் அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுவந்து போட்டுவிடுவார். அந்த ஒரு நாளுக்கு நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போகிறேன். மருமகள் கேட்டால் சிரிப்பாள், அதனால் சொல்லவில்லை. இப்போது இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வாள்.

போன மாதம் போனபோது சர்வர் வேலை செய்யவில்லை. கடைக்காரர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்றார். வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான். அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். ரொம்ப நேரம் ஆச்சு. நான் ரோட்டைப் பார்த்தேன், அவளும் ரோட்டைப் பார்த்தாள். என் பைக்குள் ஒரு காகிதம் இருந்தது. மாதாமாதம் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போவேன், திரும்பக் கொண்டுவந்து பெட்டியில் வைப்பேன். எடுத்து, மடிப்பைப் பிரித்து, பெஞ்சின் நடுவில் வைத்தேன். காற்றில் பறக்காமல் ரேஷன் அட்டையை அதன் மேல் வைத்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அட்டையை ஓரமாக நகர்த்திவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "எண்ணெயே போவல" என்றாள்.

"தொடைச்சேன் சாமி. போவலை."

படித்தாள். மைக்கில் பேசுகிற குரல் இல்லை, பழைய குரல். ஏதோ ஒரு ஊரில் ஒரு கிழவர் தன் கிணற்றைக் காணவில்லை என்று போலீஸில் எழுதிக் கொடுத்தாராம். போலீஸ்காரர்கள் போய்ப் பார்த்தார்களாம். பார்த்தால் அங்கே, என்று படிக்கும்போது உள்ளேயிருந்து கடைக்காரர், "சர்வர் வந்துருச்சுங்க" என்று கூப்பிட்டார்.

அவள் காகிதத்தை மடித்து என் பையில் வைத்தாள். எழுந்து போய் விரலை வைத்தாள். போய்விட்டாள்.

அந்தக் கிணறு எங்கே போயிருக்கும் என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். என்னிடம் மூன்று காரணம் தயாராக இருக்கிறது. அவளும் இரண்டு காரணமாவது யோசித்திருப்பாள், எனக்குத் தெரியும். இந்தப் போனிடம் சொன்னால் எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான், அதனால் இதனிடம் சொல்லப்போவதில்லை. வருகிற திங்கட்கிழமை அரிசி போடுகிறார்களாம். அன்றைக்கும் சர்வர் வேலை செய்யக்கூடாது.